ஃபோர்டு ஈ-வரிசை வேன்: பராமரிப்பு நோக்கில் ஒரு மதிப்பீடு

பெரிய வேன் ஒன்றை எடைபோடுவோர் அது எவ்வளவு காலம் பழுதின்றி ஓடும் என்றே கேட்கிறார்கள். பழுதாகாத வண்டி இல்லை என்பதால் அந்தக் கேள்வி போதாது. பழுது தன்னை எவ்வளவு தெளிவாகக் காட்டுகிறது, அந்த இடத்துக்குக் கை எட்டுகிறதா என்ற இரண்டுமே சரியான அளவுகோல்கள். அமெரிக்காவில் தேவாலயங்களும் பள்ளிகளும் கைவினைத் தொழிலாளர்களும் நம்பியிருந்த ஃபோர்டு ஈகனோலைன், அதாவது ஈ-வரிசை, முதல் அளவுகோலில் தேறுகிறது. இரண்டாவதில் பாதியளவே தேறுகிறது.

1961இல் சிறு வண்டியாக வந்த ஈகனோலைன், 1975இல் தனிச் சட்டகத்தின் மேல் அமைந்த முழு அளவு வேனாக மாறியது. அந்தச் சட்டகம் எடையைக் கூட்டியது; ஆனால் அடிப்பகுதியை ஒளிவுமறைவின்றி வைத்தது. கியரைப் பார்க்கிலிருந்து டிரைவுக்கு மாற்றும்போது 'டக்' என்று ஓசை எழுந்தால், வண்டியை அசையாமல் நிறுத்திவிட்டு, டிரைவ் ஷாஃப்ட்டின் கிராஸ் ஜாயின்ட்டைக் கையால் அசைத்தே தேய்மானத்தை அறியலாம். பிரேக் குழாய்களும் கிரீஸ் இடும் முனைகளும் கண்ணுக்குத் தெரியும். இது உண்மையான சிறப்பு.

மேற்பகுதிக்கு இந்தப் பாராட்டு பொருந்தாது. இன்ஜினின் பின்பாதி முன் இருக்கைகளுக்கு நடுவே ஒரு மூடிக்குள் அடங்கியிருக்கிறது. 1997இல் வந்த டிரைட்டன் வி8 இன்ஜின், கேம் மேலே அமைந்த அகன்ற சிலிண்டர் தலைகளைக் கொண்டது. அதைக் குறுகிய அறைக்குள் திணித்தது பொருந்தாச் சேர்க்கை. இதைவிடக் கடுமையான குறை ஒன்றும் உண்டு: தொடக்ககால இரு-வால்வு அலுமினியத் தலைகளில் ஸ்பார்க் பிளக்கைப் பிடித்திருந்தவை நான்கு சுற்று மரைகளே. அழுத்தம் தாங்காமல் பிளக்குகள் பிய்த்துக்கொண்டு வெளியேறின. தளர்வாகப் பூட்டியவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஆயினும் சிறு கவனப்பிசகைக்கூடப் பொறுக்காத அமைப்புக்கு முதற்பொறுப்பு வடிவமைப்பாளருடையதே. இன்ஜின் குளிர்ந்த பிறகு, டார்க் ரெஞ்ச் கொண்டு பிளக்கைப் பூட்டுவது இங்கே தவிர்க்க முடியாத விதி.

பழுதறிதலில் வண்டி மீண்டும் நிமிர்கிறது. 1996 முதல் கட்டாயமான ஓபிடி-2 முறையில், பி0304 என்ற குறி நான்காம் சிலிண்டர் சரியாக எரியவில்லை எனச் சொல்கிறது. ஃபோர்டு வலப்பக்கம் முன்னிருந்து பின்னாக 1 முதல் 4 வரை எண்ணுவதால், அது பயணி பக்கத்தின் கடைசிச் சிலிண்டர். அதன் காயிலை வேறொரு சிலிண்டருக்கு மாற்றிப் பாருங்கள். குறி கூடவே நகர்ந்தால் காயில் கெட்டது. நகராவிட்டால் பிளக்கையும் இன்ஜெக்டரையும் சோதிக்க வேண்டும். பிளக் குழியில் நீரோ கூலன்ட்டோ தேங்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இன்ஜின் சுழன்றும் எரியவில்லையென்றால், பம்ப்பைக் குறைகூறுமுன் பயணி பக்கக் காலடியில் உள்ள எரிபொருள் துண்டிப்புச் சுவிட்ச் விடுபட்டிருக்கிறதா என அறிவதே முறை. இவ்வொழுங்கைப் பின்பற்றாமல் ஊகத்தின்பேரில் பாகங்களை வாங்கிக் குவிப்பது பழுதறிதல் ஆகாது.

எளிய பணிகளே மிகுதியும் புறக்கணிக்கப்படுகின்றன. 5.4 லிட்டர் இன்ஜினுக்கு ஆறு குவார்ட் ஆயில் போதும். ஈ-350 பயணி வேனுக்கு முன் டயரில் 55, பின் டயரில் 80 பிஎஸ்ஐ காற்று தேவை. நான்கிலும் ஒரே அளவு நிரப்புவது பிழை. பத்துப் பேரோ அதற்கு மேலோ ஏற்றினால் இவ்வகை வேன்கள் கவிழும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்காகும் என 2001இல் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை எச்சரித்தது. அந்நிலையில் காற்றழுத்தம் உயிர்காக்கும் பராமரிப்பு.

2014உடன் முழு வேன் வடிவம் நின்று, அதன் இடத்தை டிரான்சிட் எடுத்துக்கொண்டது. எனினும் பழைய வண்டிகள் இன்னும் கைமாறுகின்றன. என் தீர்ப்பு: அடிப்பகுதி செம்மையானது, மேற்பகுதி குறையுடையது, பழுதைச் சொல்லும் முறை நேர்மையானது. பிளக் மரைகளின் நிலையைச் சோதித்தறிந்து, வரிசை தவறாமல் பழுது தேடுபவர் இதை நம்பி வாங்கலாம், மற்றவர் வாங்கலாகாது.