கட்டணம் சரி, குத்தகை?

வாகனம் நிறுத்தக் கட்டணம் வாங்கலாமா என்ற விவாதம் கொள்கை அளவில் முடிந்து இருபது ஆண்டாகிறது. நகரத்து நிலம் மதிப்புள்ளது, வண்டி நிற்கும் இடத்துக்கு அந்த மதிப்பை ஒட்டிய கட்டணம் வேண்டும் என்று 2006-இன் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை சொல்லிவிட்டது. சட்டத்துக்கும் இது புதிதல்ல. மாட்டுவண்டி நிற்கும் பேட்டைகளை அமைத்து அதற்குக் கட்டணம் வாங்க, 1920-இன் மாவட்ட நகராட்சிகள் சட்டமே மன்றங்களுக்கு அதிகாரம் தந்திருந்தது. ஆகவே திறனாய்வு தொடங்க வேண்டிய இடம் முறை: எந்த நோக்கத்துக்கு, எந்த அளவில், யார் வாங்கி, யாருக்குக் கணக்குக் காட்டுவது?

2022 உள்ளாட்சித் தேர்தலின்போது தமிழ்நாட்டில் 490 பேரூராட்சிகள் இருந்தன. அவற்றின் முன்னால் இருக்கும் முன்மாதிரிகள் இரண்டு. ஒன்று, பேருந்து நிலைய ஸ்டாண்டை ஏலம் விடும் குத்தகை. மற்றது, சென்னை மாநகராட்சி நடத்திக் காட்டிய மணிக்கணக்குக் கட்டணம். பொதட்டூர்பேட்டை அளவுள்ள ஓர் ஊருக்கு இவற்றில் எது பொருந்தும் என்பதே இங்கே கேள்வி.

ஊரின் இயல்பை முதலில் பார்க்க வேண்டும். பள்ளிப்பட்டு வட்டத்தில் ஆந்திர எல்லையை ஒட்டிக் கிடக்கும் நெசவு ஊர் இது. ரயிலைப் பிடிக்கத் திருத்தணிக்குப் போக வேண்டும். இத்தகைய ஊரில் நிறுத்தப்படும் வண்டிகள் மூன்று வகை. காலையில் பேருந்து நிலையத்தில் விட்டுவிட்டு வேலை முடிந்து இருட்டிய பின் எடுக்கும் பைக் ஒரு வகை. கடைத்தெருவில் கால் மணி, அரை மணி நிற்கும் வண்டி இன்னொரு வகை. நூல் மூட்டையை இறக்கவும் துணிக்கட்டை ஏற்றவும் வந்து நிற்கும் ‘குட்டி யானை’ என்ற சிறு சரக்கு வண்டி மூன்றாவது. முதலாவதற்கு வேண்டியது பாதுகாப்பும் நிழலும். இரண்டாவதற்கு வேண்டியது, வந்ததும் இடம் கிடைப்பது. மூன்றாவதற்குக் கடை வாசலில் சிறிது நேரமும் ஓர் ஒழுங்கும் போதும். மூன்றையும் ஒரே விகிதத்தில் அடைக்கும் எந்தத் திட்டமும் முதல் படியிலேயே வழுக்குகிறது.

குத்தகை முறையின் நிறையை மறைக்காமல் சொல்ல வேண்டும். பேரூராட்சியில் ஆள்பலம் குறைவு. செயல் அலுவலர், சில எழுத்தர்கள், துப்புரவுப் பணியாளர்கள் என்று முடிந்துவிடும். நாள் முழுதும் நின்று வசூலிக்க ஆள் இல்லை. ஏலம் விட்டால் தொகை முன்கூட்டியே வருகிறது, வரவு உறுதியாகிறது, வசூலின் ஏற்றத்தாழ்வு குத்தகைதாரர் தலைக்குப் போகிறது. வரவு செலவுத் திட்டம் போடும் மன்றத்துக்கு இது உண்மையான உதவி. சில்லறை வசூலில் நடக்கும் சிறு கசிவுகளும் இதனால் மன்றத்தின் கவலையாக இருப்பதில்லை.

குறை வடிவமைப்பிலேயே இருக்கிறது. நிறுத்தக் கட்டணத்தின் நோக்கம் எப்போதும் ஒன்றிரண்டு இடம் காலியாக இருக்கும்படி செய்வது. குத்தகைதாரருக்கோ காலி இடம் நட்டம். முழுத் தொகையைக் கட்டிவிட்டு வந்தவர், சுவரோரம், நடைபாதை, கழிப்பறை வழி என்று எங்கெல்லாம் ஒரு சக்கரத்தைச் செருக முடியுமோ அங்கெல்லாம் செருகுவார். அவரைக் குறை சொல்வதில் பயனில்லை, ஒப்பந்தம் அவரை அப்படித்தான் நடக்கச் சொல்கிறது. ஏலத்தொகை ஆண்டுக்கு ஆண்டு உயர்வது மன்றத்தின் கணக்கில் சாதனையாகப் பதிவாகிறது. இடமும் விகிதமும் மாறாதிருக்கையில் தொகை மட்டும் ஏறுகிறதென்றால், நெரிசலோ கூடுதல் வசூலோ அதற்கு விலையாகிறது என்று சந்தேகிக்க நியாயம் உண்டு. நோக்கத்துக்கு எதிராக வேலை செய்யும் கருவியை, வருவாய் தருகிறது என்பதற்காக மட்டும் நல்ல கருவி என்று சொல்ல முடியாது.

இந்த முறையின் தரத்தை அறிய அதன் டோக்கனைப் படித்தாலே போதும். பெரும்பாலான ஸ்டாண்டுகளின் சீட்டில் ஒரு தொகை, ஓர் எண், ‘வாகனத்துக்கோ பொருளுக்கோ நிர்வாகம் பொறுப்பல்ல’ என்ற ஒரு வரி இருக்கும். வந்த நேரம் இருக்காது. நேரம் பதியாத சீட்டால் நேரத்துக்கு விலை வைக்க முடியாது. ஆக மணிக்கணக்குக் கட்டணம் என்ற பேச்சு அந்தத் தாளிலேயே அடிபட்டுப் போகிறது. பொறுப்பல்ல என்ற வாசகம் இன்னும் ஆழமான சிக்கல். வரிக்கும் கட்டணத்துக்கும் உள்ள எல்லையைச் சென்னை மாநிலத்திலிருந்து போன வழக்கொன்றில்தான் உச்ச நீதிமன்றம் தெளிவாக வரைந்தது. 1954-இன் சிரூர் மடம் தீர்ப்பின்படி, கட்டணம் என்றால் அதற்கு ஈடாக ஒரு சேவை இருக்க வேண்டும். பிந்தைய தீர்ப்புகள் அந்த ஈட்டைக் காசுக்குக் காசு கணக்கிட வேண்டாம், ஏறத்தாழப் பொருந்தினால் போதும் என்று தளர்த்தின. எவ்வளவு தளர்த்தினாலும், பாதுகாக்க மாட்டேன் என்று அச்சிட்டுவிட்டுப் பாதுகாப்புக்காகப் பணம் வாங்குவது அந்த ஏறத்தாழவுக்குள்ளும் அடங்குமா? 2019-இல் தாஜ் மகால் ஓட்டல் வழக்கில், ஓட்டல் ஊழியரிடம் சாவியோடு ஒப்படைத்த கார் திருடுபோனபோது, உரிமையாளர் பொறுப்பிலேயே நிறுத்துகிறார் என்ற சீட்டு வாசகம் ஓட்டலின் அலட்சியத்தைக் காப்பாற்றாது என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. பைக்கை நாமே பூட்டிவிட்டுப் போகும் ஸ்டாண்டுக்கு அது அப்படியே பொருந்தாது. சாவி கைமாறுவதில் சட்டத்துக்கு எடை உண்டு. ஆனாலும் அந்தத் தீர்ப்பு காட்டும் தரம் தெளிவானது. பத்து மணி நேரம் வண்டியை விட்டுப் போகும் ஒருவருக்குக் கூரையும் வெளிச்சமும் காவலும் தராத இடம் கட்டணத்துக்குத் தகுதி பெறவில்லை.

சென்னை முறை இந்தக் குறைகளில் சிலவற்றைத் தாண்டியது. காருக்கு மணிக்கு 20 ரூபாய், இரு சக்கர வாகனத்துக்கு 5 ரூபாய்; பாண்டி பஜார் போன்ற நெரிசல் பகுதியில் 60, 15 என்று வசூலித்தது. நேரத்துக்கு விலை, இடத்துக்கு இடம் வேறு விகிதம், செயலியில் செலுத்தும் வசதி என்று முறைமையில் பெரிய முன்னேற்றம் இது. ஆனால் விகிதங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு பிழை தெரிகிறது. இரண்டு பகுதியிலும் கார் பைக்கைப் போல நான்கு மடங்கு தந்தது. கட்டட விதிகள் காருக்கு ஒதுக்கச் சொல்லும் இடம் இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர். அதில் ஆறேழு பைக் நிற்கும். நிலத்தின் மதிப்பே அளவுகோல் என்றால் பைக்காரர் காருக்காகக் கூடுதலாகக் கட்டினார். பைக்கும் மொபெடுமே பெருவாரியாக ஓடும் நெசவு ஊரில் இந்த விகிதத்தை அப்படியே நகலெடுத்தால் அநீதி இன்னும் பெரிதாகும்.

இன்னொரு பலவீனம் 2025 ஜூலையில் வெளிப்பட்டது. வசூலித்துவந்த நிறுவனத்தின் ஒப்பந்தம் முடிந்ததும், புதிய ஒப்பந்தம் ஆகும்வரை கட்டணம் இல்லை என்று மாநகராட்சி அறிவித்தது. சட்டவிரோத வசூலைத் தடுக்க அது நேர்மையான அறிவிப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் விலை என்பது கொள்கையாக இருந்தால் ஒப்பந்தம் முடிந்ததும் அதுவும் கூடவே மறையக் கூடாது. நவீன உடை அணிந்திருந்தாலும் சென்னை முறைக்குள்ளும் குத்தகையின் எலும்புக்கூடே இருக்கிறது.

தி. நகர் தணிகாசலம் சாலையின் பலமாடி நிறுத்தகம் மூன்றாவது பாடம். 222 கார், 513 இரு சக்கர வாகனம் நிற்க, ஏறக்குறைய நாற்பது கோடி ரூபாயில் கட்டியது. பக்கத்துத் தெருவில் மலிவாகவோ இலவசமாகவோ இடம் கிடைக்கும்வரை யாரும் அதன் படியேற மாட்டார்கள். பேரூராட்சிக்கும் இதே விதிதான். ஸ்டாண்டுக்குள் பத்து ரூபாய், வாசலுக்கு வெளியே சும்மா என்றால் வண்டிகள் வாசலுக்கே வந்துவிடும். பேருந்து திரும்ப இடமிருக்காது. தெருவோரத்தை ஒழுங்குபடுத்தாமல் நிறுத்தகத்துக்கு மட்டும் விலை வைப்பது அரைகுறைத் திட்டம்.

நிறுத்தக் கட்டணத்துக்காக மிக உறுதியாக வாதாடியவர், 2025-இல் காலமான அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் ஷூப். அவருடைய 2005 நூலின் மையக் கருத்தைப் பலரும் பாதியாகவே எடுத்துக்கொள்கிறார்கள். சில இடங்கள் காலியாக இருக்கப் போதுமான மிகக் குறைந்த விலையே சரியான விலை. விலையே இல்லாமல் இடம் கிடைக்குமென்றால் அங்கே சரியான விலை பூஜ்யம். 2011-இல் சான் பிரான்சிஸ்கோ இதைச் சோதித்தபோது, நெருக்கமான தெருக்களில் விலையை ஏற்றியது. காலியாகக் கிடந்த இடங்களில் இறக்கியது. சிறிய ஊருக்கு இந்த இரண்டாம் பாதிதான் முக்கியம். பொதட்டூர்பேட்டை கடைத்தெரு மதியம் இரண்டு மணிக்கு வெறிச்சோடும் நாளில் அங்கே வசூலிக்க எந்தக் கோட்பாட்டிலும் இடமில்லை. தீபாவளிக்கு முந்திய வாரங்களிலோ நாள்தோறும் காலை மாலை நெரிசலிலோ வாங்கினால் அதற்கு நியாயம் உண்டு.

வருவாய் எங்கே போகிறது என்பதில் அமெரிக்க நகரமான பாசடீனா நல்ல சான்று. 1993-இல் அங்கே பழைய கடைவீதியில் கட்டணக் கருவி வைக்க வந்தபோது வணிகர்கள் எதிர்த்தார்கள். வரும் பணம் அதே வீதியின் நடைபாதைக்கும் விளக்குக்கும் செலவாகும் என்ற உறுதி கிடைத்ததும் ஒப்புக்கொண்டார்கள். நம் பேரூராட்சிகளில் ஏலத்தொகை பொது நிதியில் கலந்துவிடுகிறது. கட்டியவர் கண்ணெதிரே எதுவும் மாறுவதில்லை.

ஆகவே என் தீர்ப்பு: பொதட்டூர்பேட்டை போன்ற ஊரில் கட்டணம் ஏற்கத்தக்கது, ஏலத்தில் அதிகத் தொகை சொன்னவரிடம் விடும் முறை ஏற்கத்தக்கதல்ல. ஆள் இல்லை என்ற மெய்யான தடைக்கு விடை, வசூலை ஒரு மகளிர் சுய உதவிக் குழுவிடமோ ஒப்பந்ததாரரிடமோ நிலையான கூலிக்கு ஒப்படைப்பது. தொகை முழுவதும் பேரூராட்சிக் கணக்குக்கு வர, வேலைக்கு மட்டும் கூலி தர வேண்டும். எத்தனை வண்டி நுழைகிறது என்பதைப் பொறுத்து அவர்கள் வருமானம் மாறக் கூடாது. வேலைக்குப் போகிறவர்களுக்கு மாதப் பாஸ் வேண்டும். நாளுக்குப் பத்து ரூபாய் என்று வைத்தால் 25 வேலை நாளுக்கு 250 ரூபாய், அது தறிக்கூலியில் வாழும் வீட்டுக்குச் சிறிய தொகை அல்ல. சீட்டில் நேரம் இருக்க வேண்டும்; பொறுப்பல்ல என்ற வரி நீங்க வேண்டும். முதல் மாத வசூலில் ஸ்டாண்டுக்குக் கூரை போடத் தொடங்கியபின், இரண்டாம் மாதத்திலிருந்து கடைத்தெருவுக்குக் கட்டணம் நீட்டுவது பற்றி மன்றம் பேசலாம்.