ஏக்கரால் அளக்கப்படும் பல்கலைக்கழகம்: யஷ்பால் தீர்ப்பை மறுபடி வாசித்தபோது

தனியார் பல்கலைக்கழகம் தொடங்க என்னவெல்லாம் வேணும்னு கேட்டால், பெரும்பாலும் கிடைக்கிற பதில் மூன்று: நிலம், பணம், யுஜிசி அனுமதி. முதல் இரண்டும் சரி. மூன்றாவதில்தான் குழப்பம். தனியார் பல்கலைக்கழகத்தை உருவாக்குவது யுஜிசி அல்ல, மாநிலச் சட்டமன்றம். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் வேறு வகை. அதை 1956ஆம் ஆண்டு யுஜிசி சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி மத்திய அரசு அறிவிக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

அதே சட்டத்தின் 22ஆம் பிரிவு யார் பட்டம் வழங்கலாம் என்று சொல்கிறது. 23ஆம் பிரிவு, சட்டப்படி உருவாகாத நிறுவனம் பெயரில் 'பல்கலைக்கழகம்' என்ற சொல்லைச் சேர்க்கக் கூடாது என்கிறது. மீறினால் என்ன தண்டனை? 24ஆம் பிரிவைப் பாருங்கள்: அதிகபட்சம் 1,000 ரூபாய் அபராதம். 1956இல் அது பெரிய தொகையாக இருந்திருக்கலாம். இன்றைக்கு ஒரு செமஸ்டர் தேர்வுக் கட்டணம்கூட அதைத் தாண்டிவிடுகிறது.

இந்தக் குறிப்பில் நான் சொல்ல வருவது இதுதான். நம் சட்டம் வாசலில் நின்றுதான் அதிகம் சோதிக்கிறது. அங்கேயும் டேப் வைத்து அளக்கக்கூடியதையே பார்க்கிறது. உள்ளே போன மாணவருக்கு நாளைக்கு என்ன ஆகும் என்ற கேள்வியைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவிடுகிறது. இதைப் புரிந்துகொள்ள நல்ல இடம் 2005ஆம் ஆண்டின் யஷ்பால் தீர்ப்பு.

கதை சத்தீஸ்கரில் தொடங்குகிறது. 2000 நவம்பரில் பிறந்த புது மாநிலம் 2002இல் தனியார் பல்கலைக்கழகச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதன் 5ஆம் பிரிவு, அரசிதழில் ஓர் அறிவிக்கை வெளியிட்டே பல்கலைக்கழகத்தை நிறுவ அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. ஒவ்வொன்றுக்கும் சட்டமன்றம் போக வேண்டாம். திட்ட அறிக்கை இருந்தால் போதும். விளைவு, கொஞ்ச காலத்திலேயே 112 பல்கலைக்கழகங்கள்! பலவற்றுக்குக் கட்டடமும் இல்லை, வளாகமும் இல்லை. ஆனால் பட்டம் கொடுக்கும் உரிமை இருந்தது.

இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவர் பேராசிரியர் யஷ்பால். இயற்பியலாளர், 1986 முதல் 1991 வரை யுஜிசியின் தலைவராக இருந்தவர். 2005 பிப்ரவரி 11 அன்று தலைமை நீதிபதி லஹோட்டி உள்ளிட்ட மூன்று நீதிபதிகள் அமர்வு 5, 6 ஆகிய இரு பிரிவுகளையும் செல்லாது என்று அறிவித்தது. அவற்றின் கீழ் வந்த பல்கலைக்கழகங்களும் அத்தோடு இல்லாமல் போயின.

தீர்ப்பின் வாதம் இன்றும் படிக்கத் தக்கது. பல்கலைக்கழகத்தை உருவாக்கும் அதிகாரம் அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் 32ஆவது இனம். உயர்கல்வியின் தரத்தை நிர்ணயிப்பது மத்தியப் பட்டியலில் 66ஆவது இனம். மாநிலம் தன் அதிகாரத்தைப் பயன்படுத்தலாம். ஆனால் தரம் நிர்ணயிக்கும் மத்திய அதிகாரத்தைச் செல்லாக்காசாக்கும் விதத்தில் பயன்படுத்த முடியாது. அதோடு, பல்கலைக்கழகம் என்பது வெறும் பெயர்ப்பலகை இல்லை. வகுப்பறை, நூலகம், ஆய்வகம், ஆசிரியர் எல்லாம் இருக்கிற இடம்தான் பல்கலைக்கழகம். பட்டம் கொடுக்கும் உரிமையை முதலில் வாங்கிக்கொண்டு மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டை நீதிமன்றம் ஏற்கவில்லை.

இதில் எனக்குக் கருத்து வேறுபாடே இல்லை. என் விமர்சனம், தீர்ப்பிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட பாடத்தின் மேல்தான். "அரசிதழ் அறிவிக்கை தப்பு, சட்டமன்றம் வழியாக வா" என்பதே பாடம் என்று மாநிலங்கள் எடுத்துக்கொண்டன. யுஜிசியின் 2003 விதிமுறைகளும் ஒவ்வொரு தனியார் பல்கலைக்கழகமும் தனியான மாநிலச் சட்டத்தால் நிறுவப்பட வேண்டும் என்றே சொல்கின்றன. நல்ல நிபந்தனை. நடைமுறையில் என்ன ஆனது? ஹரியானா 2006இலும் குஜராத் 2009இலும் ஒரு பொதுச் சட்டம் போட்டுக் கடைசியில் ஓர் அட்டவணையை இணைத்தன. புதுப் பல்கலைக்கழகம் வந்தால் அட்டவணையில் ஒரு வரி கூடும். சட்டமன்றம் வாக்களிக்கிறது என்பது உண்மைதான். ஆனால் ஒரு வரி சேர்க்கும் திருத்த மசோதாவில் எந்த உறுப்பினர் எழுந்து "அங்கே எத்தனை பேராசிரியர்கள் சேர்ந்துவிட்டார்கள்?" என்று கேட்கப்போகிறார்? ராஜஸ்தான் ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டமே போடுகிறது. அப்படிப்பட்ட இரண்டு சட்டங்களை அருகருகே வைத்துப் படியுங்கள். பெயரையும் முகவரியையும் தவிரப் பெரிய வித்தியாசம் கண்ணில் படாது. அரசிதழின் வேலையைச் சட்டமன்றம் செய்கிறது, அவ்வளவுதான்.

நம்மூர்க் கதைக்கு வருவோம். தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டு தனியார் பல்கலைக்கழகச் சட்டம் தொடர்ச்சியான 100 ஏக்கர் நிலம் கேட்டது. 2025 அக்டோபரில் வந்த திருத்த மசோதா அதை மாநகராட்சிப் பகுதியில் 25, நகராட்சி, பேரூராட்சிப் பகுதிகளில் 35, மற்ற இடங்களில் 50 ஏக்கர் என்று குறைத்தது. ஏற்கெனவே இயங்கும் கல்லூரிகள், அரசு உதவி பெறுபவை உட்பட, தனியார் பல்கலைக்கழகமாக மாறவும் வழி திறந்தது. ஆசிரியர் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. அரசும் மசோதாவைத் திரும்பப் பெற்று மறுபரிசீலனை செய்வதாக அறிவித்தது.

எதிர்த்தவர்களின் முக்கியக் கேள்வி ஏக்கரைப் பற்றியதல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். உதவி பெறும் கல்லூரி மாறிவிட்டால் கட்டணம் என்ன ஆகும், இட ஒதுக்கீடு என்ன ஆகும், அரசு சம்பளம் கொடுக்கும் பணியிடங்கள் என்ன ஆகும் என்றுதான் கேட்டார்கள். சட்டம் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் அவை. 100 ஏக்கர் கூடுதலா குறைவா என்பது ரியல் எஸ்டேட் கேள்வி. நூறு ஏக்கரில் முட்புதரும் வளரலாம். இருபது ஏக்கரில் நல்ல ஆய்வும் நடக்கலாம்.

அடுத்தது பணம். மாநிலச் சட்டங்கள் வைப்பு நிதி ஒன்றைக் கேட்கின்றன. பல்கலைக்கழகம் மூடப்பட்டால், படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களைக் கரைசேர்க்க அது உதவும் என்பது எண்ணம். ஓர் உதாரணக் கணக்குப் போடலாம். வைப்பு நிதி 5 கோடி என்று வைத்துக்கொள்வோம். 100 ஆசிரியர்கள், ஆளுக்கு மாதம் 60,000 ரூபாய். மாதச் சம்பளச் செலவு 60 லட்சம். மின்கட்டணம், ஆய்வகம், விடுதி எதையும் சேர்க்காமலேயே 5 கோடி எட்டு மாதத்தைச் சற்றுத் தாண்டியதும் தீர்ந்துவிடும். முதலாம் ஆண்டு பி.டெக். மாணவருக்கோ இன்னும் மூன்று ஆண்டுக்கு மேல் படிப்பு பாக்கி. வைப்பு நிதியை மாணவர் எண்ணிக்கையோடு சேர்த்து ஏற்றாமல் ஒரே தொகையாக வைத்தால் அது சடங்குதான்.

"யுஜிசிக்கு அதிகாரம் இருக்கே?" என்று கேட்கலாம். இருக்கிறது. 2003 விதிமுறைகளின்படி ஆய்வுக் குழுவை அனுப்பலாம், குறைகளைச் சரிசெய்யச் சொல்லலாம், சரிசெய்யாவிட்டால் படிப்புகளை நடத்தக் கூடாது என்று தடுக்கவும் செய்யலாம். ஆனால் அந்தக் கடைசி ஆயுதத்தை எடுத்தால் முதல் அடி யாருக்கு? நிர்வாகத்துக்கு அல்ல, மாணவருக்கு. யஷ்பால் வழக்கிலேயே இதைப் பார்த்தோம். பல்கலைக்கழகங்களை ஒழித்த நீதிமன்றம், அவற்றின் நிறுவனங்களில் உண்மையிலேயே படித்துக்கொண்டிருந்தவர்களுக்காக, அந்த நிறுவனங்களை மாநிலத்தில் ஏற்கெனவே இருந்த பல்கலைக்கழகங்களோடு இணைக்க அரசு நடவடிக்கை எடுக்கலாம் என்று சொல்ல வேண்டிவந்தது. சட்டம் முன்கூட்டியே செய்திருக்க வேண்டிய ஏற்பாட்டை நீதிமன்றம் கடைசிப் பக்கத்தில் செய்தது.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. விளம்பரத்தில் 'யுஜிசி அங்கீகாரம்' என்று பார்த்தால் எந்தப் பிரிவு என்று கேளுங்கள். 2(எஃப்) பட்டியலில் இருப்பது, அது சட்டப்படி பல்கலைக்கழகம் என்பதை மட்டுமே காட்டும். 12(பி) மத்திய நிதியுதவிக்கான தகுதி. இரண்டுமே வகுப்பறையில் என்ன நடக்கிறது என்பதற்கான சான்றிதழ் இல்லை. சட்டம், மருந்தியல் போன்ற படிப்புகளுக்கு அந்தந்தத் துறைக் கவுன்சிலின் ஒப்புதலும் தனியாக வேண்டும்.

சட்டம் எதைக் கேட்கலாம்? என் பட்டியல் சின்னது. முதல் சேர்க்கைக்கு முன்பே நிரந்தர ஆசிரியர்களின் பெயர், தகுதி, சம்பள நிலை பொதுவெளியில் இருக்க வேண்டும். வைப்பு நிதி ஆண்டுதோறும் மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ப உயர வேண்டும். நாளை மூடினால் எந்த அரசுப் பல்கலைக்கழகம் மாணவர்களை ஏற்கும் என்பது தொடங்கும் நாளிலேயே ஒப்பந்தமாக எழுதப்பட வேண்டும். அந்த 1,000 ரூபாய் அபராதத்தையும் மாற்றியாக வேண்டும்.

மறுபரிசீலனைக்குப் போன தமிழ்நாட்டு மசோதா புது வடிவில் மறுபடி வரலாம். வந்தால் ஏக்கர் கணக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் இந்த நான்கும் அதில் இருக்கிறதா என்று தேடுங்கள்.