மேயர் இல்லாத ஊரின் ஏரிகள்

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனுக்கு மேற்கே, வெர்ஜீனியா மாநிலத்தின் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் இருக்கிறது ரெஸ்டன். அறுபதாயிரம் பேர் வசிக்கும் இந்த ஊருக்கு மேயர் கிடையாது, நகராட்சியும் கிடையாது. போலீஸும் பள்ளிக்கூடமும் கவுண்டியின் பொறுப்பு, பெரிய சாலைகள் மாநிலத்தின் பொறுப்பு. வாசலை விட்டு இறங்கியதும் கால் படுகிற நடைபாதை, பிள்ளைகள் நீந்தும் குளங்கள், டென்னிஸ் மைதானங்கள், வீடுகளுக்கு நடுவே விட்டுவைத்த காடு, நான்கு ஏரிகள் ஆகியவற்றுக்கு மட்டும் சொந்தக்காரர் வேறு. ரெஸ்டன் அசோசியேஷன் என்ற வீட்டு உரிமையாளர் சங்கம்தான் அது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் அதில் அடக்கம். சேர்கிறாயா என்று யாரையும் கேட்பதில்லை. வீட்டை வாங்கினால் சங்கமும் கூடவே வரும், பத்திரத்திலேயே எழுதியிருக்கிறது.

1970-ல் அமெரிக்கா முழுக்க இத்தகைய சங்கங்கள் பத்தாயிரம் அளவில்தான் இருந்தன. இன்று மூன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டன. ஏழு கோடிப் பேருக்கு மேல் அவற்றின் கீழே வாழ்கிறார்கள். எவன் மெக்கென்ஸி 1994-ல் எழுதிய ‘பிரைவட்டோபியா’ என்ற புத்தகத்திலிருந்து தொடங்கி, இவற்றைத் தனியார் அரசாங்கங்கள் என்று சாடுகிறவர்கள் ஒரு பக்கம். கட்சி இல்லாத, கண்முன் நடக்கும் உள்ளூர் ஆட்சி என்று மெச்சுகிறவர்கள் மறுபக்கம். இரண்டு தரப்புமே சங்கத்தின் விதிப்புத்தகத்தைத்தான் புரட்டுகின்றன. ஏரி உள்ள ஊர்களில் புத்தகத்தைவிட ஏரியைப் பார்த்தால் உண்மை சீக்கிரம் பிடிபடும். இந்த அமைப்பு கண்ணில் படுவதைப் பிரமாதமாகப் பார்த்துக்கொள்ளும்; கண்ணில் படாததைத் தள்ளிப்போடும். பொறுப்பில் இருப்பவர்கள் மோசமானவர்கள் என்று இதற்குப் பொருளில்லை. அவர்கள் ஆண்டுதோறும் கணக்குக் காட்டவேண்டியவர்கள், ஏரியின் அடியில் படியும் வண்டலுக்கு அந்த அவசரம் இல்லை. சிக்கல் அங்கேதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம், அது சின்ன நல்லது இல்லை. ராபர்ட் இ. சைமன் தன் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்த நியூயார்க் கார்னகி ஹாலை விற்ற பணத்தில் 1961-ல் இங்கே ஆறாயிரத்துச் சொச்சம் ஏக்கர் வாங்கினார். ஊரின் ஆங்கிலப் பெயரில் முதல் மூன்று எழுத்தும் அவருடைய பெயரின் முதலெழுத்துகள். முதல் ஏரியான லேக் ஆனுக்கு அன்றைய மனைவியின் பெயர். கறுப்பினத்தவருக்கு வீடு விற்க மாட்டேன் என்று சொல்வதை வெர்ஜீனியாவில் சட்டம் தடுக்காத காலம் அது. சைமன் தொடக்கத்திலிருந்தே எல்லோருக்கும் விற்றார். இதில் ஒரு முரண் உண்டு. பத்திரத்தில் நிபந்தனை எழுதி, அடுத்தடுத்து வாங்குகிறவர்களையும் கட்டிப்போடும் உத்தியை அமெரிக்கப் புறநகர்கள் அரை நூற்றாண்டாக இன்னாரை உள்ளே விடாதே என்பதற்கே பயன்படுத்தி வந்தன. அத்தகைய நிறவெறி நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதே 1948-ல்தான். அதே கருவியை சைமன் மரத்தையும் நீரையும் காப்பாற்ற எடுத்துக்கொண்டார்.

அந்தக் கருவி வேலை செய்தது. ரெஸ்டன் ஏரிகளில் பெட்ரோல் மோட்டார் படகு விட முடியாது; துடுப்பு, பாய், இல்லையென்றால் பேட்டரி மோட்டார்தான். குளிக்கவும் கூடாது. அரசு ஏரியில் இப்படி ஒரு விதியைப் போட்டால் அது ஒவ்வொரு தேர்தலையும் தாண்டியாக வேண்டும். படகுக்காரர்கள் எந்தத் தேர்தலிலும் அதைக் கவிழ்க்கப் பார்க்கலாம். இங்கே விதி பத்திரத்தில் வேர்விட்டிருக்கிறது. மெஜாரிட்டி என்ற ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அதைப் பிடுங்குவது எளிதில்லை. ஏரி அமைதியாக இருப்பதற்கு ஜனநாயகம் கொஞ்சம் கைகட்டி நிற்பது காரணம் என்றால் சிலருக்குக் கசக்கும். எனக்கும் கொஞ்சம் கசக்கத்தான் செய்கிறது.

பணமும் கிட்டத்தில் இருக்கிறது. ஆண்டுக்கு வீட்டுக்குச் சில நூறு டாலர் கட்டணம். அது எந்தக் குளத்தின் ஓடுகளுக்குப் போனது, எந்தப் பாலத்தின் பலகைக்குப் போனது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கிறது. ஒன்பது பேர் கொண்ட நிர்வாகக் குழுவுக்குச் சம்பளம் இல்லை. பெரும்பாலும் மூன்றாண்டுப் பதவி; அதில் சில இடங்களுக்கு ஒவ்வோராண்டும் வசந்தத்தில் தபால் வழியாகவும் இணையம் வழியாகவும் வாக்கெடுப்பு. செல்லுபடியாக, பத்து சதவீதம் பேர் வாக்களித்தாலே போதும். அந்தப் பத்து சதவீதத்தைத் திரட்டுவதற்கே நினைவூட்டலுக்கு மேல் நினைவூட்டல் அனுப்ப வேண்டியிருக்கிறது.

கட்டணம் பெரும்பாலும் வீட்டுக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. ஏரியைப் பார்த்த மாடமும் சொந்தப் படகுத்துறையும் வைத்திருக்கும் வீடும், நெடுஞ்சாலையைப் பார்த்த டவுன்ஹவுஸும் ஒன்றையே கட்டுகின்றன. ஏரி சுத்தமானால் விலை ஏறுவது முதல் வீட்டுக்கு. கவுண்டி போடும் சொத்து வரியாவது வீட்டு மதிப்பைப் பொறுத்து மாறும். சங்கத்தின் கணக்கில் அந்தக் கூச்சம்கூட இல்லை. சமத்துவம் என்ற பெயரில் நடக்கும் இந்தச் சலுகையை நிர்வாகக் குழுவில் எழுப்புகிறவர்கள் குறைவு. குழுவுக்குப் போட்டியிட நேரமும் தெம்பும் உள்ளவர்கள் யார் என்று பார்த்தால் காரணம் விளங்கிவிடும்.

இனி ஆண்டு மேம்பாடுகளுக்கு வருவோம். இந்தச் சங்கங்கள் வருடக் கடைசியில் அனுப்பும் அறிக்கை ஒன்றையாவது படித்திருந்தால் அச்சு பழகிவிடும்: புது விளையாட்டுத் திடல், படகுத்துறைக்குப் புதுப் பலகை, நீச்சல்குளத்துக்கு வெந்நீர் வசதி, நுழைவாயிலில் பூச்செடி, முன்னும் பின்னுமாகப் புகைப்படம். படம் பிடிக்க முடிகிறது என்பதே ஒரு வேலை பட்டியலில் ஏறுவதற்குப் பாதித் தகுதி.

ரெஸ்டனில் இந்த ஆசை வகையாக மாட்டியது 2015-ல். லேக் நியூபோர்ட் கரையில், ஊரை விற்றுக்கொண்டிருந்த காலத்தில் வரவேற்பு நிலையமாக இருந்து, பிறகு தனியார் அலுவலகமாகிவிட்ட ஒரு கட்டடம். ஏரியைப் பார்த்த இடம், கல்யாணத்துக்கு வாடகைக்கு விடலாம், விட்டுவிட்டால் வேறு யாராவது வாங்கிப் பெரிதாக எழுப்பிவிடுவார்கள் என்றெல்லாம் சொல்லி, 26.5 லட்சம் டாலருக்கு வாங்க, நிர்வாகக் குழு சங்க உறுப்பினர்களிடம் அனுமதி கேட்டது. வரி விதிக்க கவுண்டி அந்தச் சொத்துக்குப் போட்டிருந்த மதிப்பு அதில் பாதிகூட இல்லை. எதிர்த்தவர்கள் அதை எடுத்துச் சொன்னார்கள். வாக்கெடுப்பில் குறைந்த வித்தியாசத்தில் வாங்கலாம் என்று முடிவாயிற்று. அடுத்து பழுதுபார்ப்பு. ஒதுக்கிய தொகையைத் தாண்டிச் செலவு நாலு லட்சம் டாலருக்கு மேல் போனது. யார் எப்போது ஒப்புதல் தந்தது என்ற கேள்விக்கு நேரான பதில் வராததால், வெளியாட்களைக் கொண்டு தனி ஆய்வு செய்யவேண்டியதாயிற்று. அதன் அறிக்கை 2017-ல் வந்தது. அந்தக் கட்டடம் இன்று ‘லேக் ஹவுஸ்’.

ஊழல் என்று யாரும் நிரூபிக்கவில்லை. நான் அந்தச் சொல்லைத் தேடவும் இல்லை. என்னை உறுத்துவது வேறு. ஒரு கட்டடத்துக்காக ஊரே இரண்டு கட்சியாகப் பிரிந்து, வாக்களித்து, கணக்கு கேட்டு, கோபப்பட்டது. அதே காலத்தில் அந்தக் கட்டடம் பார்த்துக்கொண்டிருந்த ஏரியின் அடியில் மண் படிந்துகொண்டிருந்தது. அதற்கு ஒரு கோபமும் கிடைக்கவில்லை.

செயற்கை ஏரி ஒன்றின் உண்மையான செலவு அங்கேதான். நான்கும் ஓடைகளை மறித்துக் கட்டியவை. மேட்டில் எத்தனை கூரை, எத்தனை தார்ச்சாலை, எத்தனை கார் நிறுத்துமிடம் கூடுகிறதோ அத்தனைக்கு மழைநீர் வேகமெடுத்து ஓடையின் கரையை அரித்து மண்ணைக் கொண்டுவந்து ஏரித் தலைப்பில் கொட்டும். புல்வெளிக்குப் போட்ட உரத்தின் பாஸ்பரஸ் கூடவே வரும். கோடையில் பாசி பிடிக்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தூர்வாரியே ஆக வேண்டும். தூர்வாரிய ஏரி வெளியே பார்க்க முன்னைப்போலவே இருக்கும். வாரி எடுத்த சேற்றைக் கொட்ட இடம் தேடும்போதுதான் சண்டை.

ரெஸ்டன் இதில் ஒருமுறை கெட்டிக்காரத்தனம் காட்டியது. 2008-ஐ ஒட்டி, ஸ்நேக்டன் போன்ற ஓடைகளின் அரித்த கரைகளைச் சீர்செய்யும் பெரிய வேலை நடந்தது. வேறெங்கோ ஓடைகளை அழித்துக் கட்டும் நிறுவனங்கள் சட்டப்படி ஈடு செய்ய வேண்டும். அவர்களுக்கு விற்கும் ஈட்டுக் கணக்கிலிருந்து இதற்குப் பணம் வந்தது. ஓடையைச் சரிசெய்ய இயந்திரம் இறங்க வேண்டும், இயந்திரம் இறங்க மரத்தை வெட்ட வேண்டும். மரம் விழுந்ததும் குடியிருப்பவர்கள் கொதித்தார்கள். கோபம் நியாயமானதே. ஆனாலும் கணக்கைப் பாருங்கள்: கண்ணில் படாத மண்ணுக்காகச் செய்த மிகப் பெரிய வேலை, உறுப்பினர் கட்டணத்திலிருந்து வராத பணத்தில் நடந்தது. கட்டணத்தை நம்பியிருந்தால் நடந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

தள்ளிப்போட்டால் எங்கே போய் முடியும் என்பதற்கு மிச்சிகனைப் பார்க்கலாம். அங்கே நடந்தது சங்கத்தின் குற்றமில்லை. அணை அப்போது ஒரு தனியார் நீர்மின் நிறுவனத்தின் சொத்தாக இருந்தது. விக்ஸம் ஏரியைத் தாங்கிய ஈடன்வில் அணை 1920-களில் கட்டியது. பெருவெள்ளம் வந்தால் கலிங்கு தாங்காது என்று மத்திய எரிசக்தி ஆணையம் ஆண்டுக்கணக்காகச் சொல்லியும் எதுவும் நடக்காததால், 2018-ல் உரிமத்தையே பறித்தது. கரையில் வீடு வைத்திருந்தவர்களின் கவலை ஏரி மட்டம் குறையக் கூடாது என்பதாக இருந்தது. மட்டம் குறைந்தால் படகு தரைதட்டும், வீட்டு விலை விழும். மட்டத்தை நீதிமன்றமே 2019-ல் நிர்ணயித்துக் கொடுத்தது. 2020 மே 19 அன்று மழையில் மண்கரை சரிந்தது. கீழே சான்ஃபோர்டு அணையும் போனது. பத்தாயிரம் பேருக்கு மேல் வீட்டை விட்டு ஓட வேண்டியிருந்தது. உயிரிழப்பு இல்லை. தளர்ந்த மணல் நீரில் ஊறித் திரவம்போல் நழுவியதாக 2022-ல் வந்த நிபுணர் அறிக்கை சொன்னது. ஏரி காய்ந்த பிறகு, புது அணைகளுக்கான செலவில் கரைவாசிகளின் பங்காக 20 கோடி டாலருக்கு மேல், நாற்பதாண்டுத் தவணையில், அவர்கள் சொத்துகள்மீது ஏறியது. வழக்கு போட்டார்கள். அணை யாருடையது என்று அதற்கு முன் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

விதிகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கட்டுரை முழுமையாகாது. ஆனால் நீட்ட விரும்பவில்லை, பலர் எழுதிவிட்டார்கள். கலிபோர்னியாவில் லேக்சைடு வில்லேஜ் என்ற 530 வீட்டுக் குடியிருப்பில், வெளியே வராத மூன்று பூனைகளை வளர்த்ததற்காகச் சங்கம் ஒரு பெண்மணிக்கு மாதாமாதம் அபராதம் போட்டது. 1994-ல் மாநில உச்ச நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் நின்றது. பத்திரத்தில் எழுதியிருக்கிறது, எல்லோரும் அதை நம்பி வாங்கியிருக்கிறார்கள் என்பது வாதம். ஒரு பிராணியையாவது வளர்க்கவிடும் சட்டம் 2001-ல் நடைமுறைக்கு வந்தது. நியூஜெர்சி உச்ச நீதிமன்றத்தில் ட்வின் ரிவர்ஸ் குடியிருப்பின் அரசியல் தட்டி வழக்கிலும் 2007-ல் சங்கமே ஜெயித்தது. 2012-ல் அதே நீதிமன்றம் இன்னொரு வழக்கில், சொந்த வீட்டில் அரசியல் தட்டி வைப்பதை ஒரேயடியாகத் தடுக்க முடியாது என்று இறங்கி வந்தது. கவனித்துப் பார்த்தால் படகு மோட்டாரைத் தடுத்த அதே பத்திர உறுதிதான் பூனையையும் தடுத்தது. ஏரிக்காக அதைப் பாராட்டுகிறவர்கள் பூனை விஷயத்தில் மட்டும் கையை விரிக்க முடியாது. விதியின் உறுதி எதன் பக்கம் நிற்க வேண்டும் என்று நான் வகுக்கும் எல்லை இதுதான்: பொதுச் சொத்தைக் கெடுக்கும் செயலுக்கு அது வேண்டும், கதவுக்கு உள்ளே நடப்பதற்கு வேண்டாம்.

மீண்டும் பணத்துக்கு வருகிறேன், நோயும் மருந்தும் அங்கேதான். எந்தச் சங்கத்தையும் எடைபோட ஆண்டு மேம்பாட்டுப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, காப்பு நிதி ஆய்வை வாங்கிப் பார்க்க வேண்டும். நம்மூர் ஃப்ளாட்காரர்கள் கார்ப்பஸ் என்பதன் விரிவான வடிவம் அது. எந்தப் பொருள் இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும், மாற்ற எவ்வளவு ஆகும், கையில் எவ்வளவு இருக்கிறது என்று ஒவ்வொன்றாக எழுதியிருக்கும். வெர்ஜீனியா சட்டம் ஐந்தாண்டுக்கு ஒருமுறையும் கலிபோர்னியா மூன்றாண்டுக்கு ஒருமுறையும் இதைக் கேட்கின்றன. ஆனால் ஆய்வு செய்வது ஒன்று, அது சொன்ன தொகையைச் சேர்த்துவைப்பது வேறு. கட்டணத்தை ஏற்றினால் அடுத்த வசந்தத்தில் வாக்கு போய்விடும் என்பது ரெஸ்டன் குழுவின் ஒன்பது பேருக்கும் தெரியும். சராசரியாகச் சில ஆண்டுகளில் வீட்டை விற்றுவிட்டுப் போகிறவர், இருபதாண்டுக்குப் பிந்தைய கரைக்காக இன்று ஏன் கட்ட வேண்டும் என்று கேட்டால் அவரைக் குறை சொல்லவும் முடியாது.

ஃபுளோரிடா இந்தத் தெரிவைப் பிடுங்கிக்கொண்டது. சர்ஃப்சைடில் 2021 ஜூன் 24 அன்று அடுக்குமாடி ஒன்று இடிந்து 98 பேர் இறந்தார்கள். ஒன்றரைக் கோடி டாலர் சிறப்பு வசூலுக்கு அந்தச் சங்கம் ஒப்புதல் தந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அடுத்த ஆண்டு வந்த சட்டம், மூன்று மாடியோ அதற்கு மேலோ உள்ள அடுக்குமாடிக் கட்டடங்களின் சங்கங்கள் கட்டமைப்புக்கான நிதியை வாக்கெடுத்துத் தள்ளிவைப்பதைத் தடைசெய்தது. மாதக் கட்டணம் எகிறியது. பென்ஷனில் வாழும் முதியவர்கள் பலர் கட்ட முடியாமல் வீட்டை விற்பனைக்குப் போட்டார்கள். 2025-ல் அதே சட்டமன்றம் விதிகளைச் சற்றுத் தளர்த்தியது.