தொலைக்காட்சிக் குற்றச் செய்தியும் தீர்ப்பு மொழியும்

குற்றச் செய்திகளின் மிகுதியே இந்தியத் தொலைக்காட்சிகள் மீது வைக்கப்படும் பொதுவான குறை. மிகுதியினும் அச்செய்திகளின் மொழியே கூடுதலாக ஆராயத்தக்கது. ஸ்டார் நியூஸ் அலைவரிசையில் 2004இல் தொடங்கிய ‘சன்சனி’ என்னும் குற்ற நிகழ்ச்சியின் பெயருக்குப் ‘பரபரப்பு’ என்பது பொருள். நிகழ்ச்சியின் நோக்கம் பெயரிலேயே புலப்படுகிறது.

இப்போக்கின் விளைவை 2007ஆம் ஆண்டு டெல்லியில் நிகழ்ந்ததொன்று உணர்த்தும். அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் மாணவியரைப் பாலியல் தொழிலில் ஈடுபடுத்துவதாகக் கூறும் மறைபடக்கருவிப் பதிவொன்றை லைவ் இந்தியா அலைவரிசை ஆகஸ்டு 30 அன்று ஒளிபரப்பியது. பள்ளியின் முன் திரண்ட கூட்டம் அவரைத் தாக்கியது. அவர் கைது செய்யப்பட்டார், பணியையும் இழந்தார். பின்னர் நடந்த காவல்துறை விசாரணையில் அப்பதிவு புனையப்பட்டதெனத் தெரியவந்தது. மாணவியாகக் காட்டப்பட்டவர் மாணவியே அல்லர். மைய அரசு அவ்வலைவரிசைக்கு ஒரு மாதத் தடை விதித்தது.

புனைவு வெளிப்பட்டதால் இந்நிகழ்வு அறியப்பட்டது. எனினும், புனைவற்ற செய்திகளிலும் இதே ஆபத்து உண்டு. இந்தியில் ‘ஆரோபி’, ‘தோஷி’ எனவும் தமிழில் ‘குற்றம் சாட்டப்பட்டவர்’, ‘குற்றவாளி’ எனவும் வேறுபட்ட சொற்கள் உள்ளன. முன்னது சாட்டியவர் யார், சான்று எது என்னும் வினாக்களுக்கு இடமளிக்கிறது. பின்னது அவற்றை அடைத்துவிடுகிறது. கைது நாளிலேயே பின்னதைக் கையாளும் செய்தி, நீதிமன்றத்தின் பணியைத் தானே மேற்கொள்கிறது. கைதுக்கு அளித்த நேரத்தை விடுதலைக்கும் அளிக்கிறதா என்பதே ஒரு செய்தி நிறுவனத்தை மதிப்பிடுதற்குரிய அளவுகோல் எனலாம்.