தனியாகக் குடிக்கத்தக்கது

தேயிலைச் சுவைஞர்களின் ஆங்கிலத்தில் சில பெயரடைகள் உண்டு. அகராதியை மட்டும் நம்பினால் ஏமாற வேண்டியதுதான். 'பிரிஸ்க்' என்றால் நமக்குச் சுறுசுறுப்பு. அவர்களுக்கோ நாக்கைச் சுள்ளென்று தொடும் உயிர்ப்பு, சப்பென்ற தேத்தண்ணிக்கு எதிரிடை. பொன்னிற மொட்டு நுனிகள் கலந்திருந்தால் 'டிப்பி'. என்னை அதிகம் யோசிக்க வைத்தது 'செல்ஃப் டிரிங்கிங்' என்ற அபூர்வமான சொல். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'தானே குடிக்கிற' என்று வந்து சிரிப்பு மூட்டும். வேறு தேயிலை எதுவும் கலக்காமலே குடிக்கத்தக்கது என்பதுதான் பொருள்.

இதைத் தீர்மானிக்கும் சுவைஞர் ஒரு கரண்டி உறிஞ்சுவார், வாய்க்குள் உருட்டுவார், துப்பிவிடுவார். கொழும்பில் 1883இல் ஏலம் தொடங்கியது. துப்பியவர் சொல்லும் பெயரடை அங்கே விலையாகிறது. லயத்துக்கு வரும் தூள் வேறு, ஏலத்துக்குப் போகும் தூள் வேறு என்பது ஹட்டன் பக்கத்தில் யாருக்கும் தெரியும்.

மலையக எழுத்தை நமது விமர்சகர்கள் வாசிக்கும் முறையும் ஏறக்குறைய இதுதான். ஈழத்து இலக்கியம் பற்றிய கட்டுரையில் கடைசிப் பக்கத்துக்கு முன் ஒரு பந்தி. மணத்துக்காகச் சேர்க்கும் நுவரெலியாத் தேயிலை போல. என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' பெயரளவில் வரும். கொழுந்து கிள்ளுவதைப் பரிதாபக் காட்சியாக்காமல் கைத்திறனாகப் பார்த்த எழுத்து அது என்று யார் நின்று சொன்னார்கள்? சி.வி. வேலுப்பிள்ளை 1947இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் சென்றதை எழுதுவோம். தோட்டத்தில் பிறந்தவர் ஏன் ஆங்கிலத்திலும் கவிதை எழுதினார், யாரை நோக்கி எழுதினார் என்று கேட்க மாட்டோம். தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' 1974இல் வந்த நாவல். தமிழகத்தின் விஷ்ணுபுரம் விருது அவருக்குக் கிடைத்தது 2013இல். இந்த இடைவெளிக்குத் தூரத்தை மட்டும் காரணம் சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

'மலையக' என்ற அடைமொழி போராடிப் பெற்றது. அதைக் கைவிடச் சொல்லவில்லை. அது பெட்டியில் ஒட்டும் தோட்டத்துப் பெயராக இருக்கட்டும். உள்ளே இருப்பதைக் குடித்துப் பார்த்த பிறகு பேசலாமே.

'முஸ்லிம் எழுத்தாளர்' என்று அழைக்கப்படும் நமக்கு இது புதிய அனுபவமும் அல்ல. கண்டியில் பிறந்த சித்தி லெப்பையின் 'அசன்பே சரித்திரம்' 1885இல் வந்தது. ஈழத்தின் முதல் தமிழ் நாவல் எது என்ற வாதத்தில் அதன் பெயரைச் சொல்லாதவர் இல்லை. அந்தக் கதை எப்படிச் சொல்லப்பட்டிருக்கிறது என்று நாலு பக்கம் எழுதியவர்களை விரல்விட்டு எண்ணலாம்.