கொண்டை ஊசி வளைவில் பழைய எஞ்சினைக் கேட்பது எப்படி?

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு என்றாவது ஒருநாள் இந்த ஆசை வரும்: "பாடி கல்லு மாதிரி இருக்கு, எஞ்சினை மட்டும் பெருசா மாத்திட்டா என்ன?" கேள்வியைப் பட்டறையில் கேட்டால் "மாத்திடலாம் சார்" என்றுதான் பதில் வரும். அதற்கு முன் வண்டியைக் கொல்லிமலைக்கு ஓட்டிப் போங்கள். காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கி, 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, சோளக்காடு, செம்மேடு தாண்டி வளப்பூர் நாட்டுக்குள் இறங்கி ஏறி, அறப்பளீஸ்வரர் கோயில் வாசலில் நிறுத்துங்கள். வல்வில் ஓரி விழாவும் ஆடிப் பெருக்கும் வரும் நாட்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அன்று மலையில் காது கொடுத்துக் கேட்க முடியாது.

ஆமாம், எஞ்சின் காதால் ரசிக்க வேண்டிய விஷயம். அம்பாசடரையே எடுத்துக்கொள்வோம். பல ஆண்டுகள் அதில் இருந்தது 1489 சிசி பி.எம்.சி. பெட்ரோல் எஞ்சின். சிலிண்டரின் விட்டம் சுமார் 73 மில்லிமீட்டர், பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் சுமார் 89 மில்லிமீட்டர். ஒல்லியாகவும் உயரமாகவும் உள்ள இப்படிப்பட்ட எஞ்சின் அதிகம் சுற்றாமலே இழுக்கும். செகண்ட் கியரில் போட்டு, ஆக்சிலேட்டரைப் பாதி மிதித்தால், ஒரே சீராக உறுமிக்கொண்டு ஏறும். அது கத்துகிறதென்றால் தவறு ஓட்டுபவரின் காலில் இருக்கிறது.

அடுத்து கையைக் கவனியுங்கள். பழைய மார்க் வண்டிகளின் ஹேண்ட் கியரில் ஃபர்ஸ்ட் கியருக்கு சிங்க்ரோ கிடையாது. ஓடும்போது ஃபர்ஸ்டுக்கு இறக்கினால் பல்லைக் கடிக்கும். அதனால் தேர்ந்த ஓட்டுநர் வளைவு கண்ணில் பட்டதுமே செகண்டுக்கு வந்துவிடுவார். சாலையின் அகலம் முழுவதையும் பயன்படுத்தி, வேகம் சாகாமல் திருப்புவார். மேலே போய்ச் சேரும்வரை ஃபர்ஸ்டைத் தொடாமல் ஓட்டுபவரைப் பார்த்தால், கோயில் வாசலில் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். இந்த நயம் பெரிய எஞ்சின் வைத்த வண்டியில் காணக் கிடைக்காது, ஏனென்றால் அங்கே அது தேவைப்படாது.

"நாலு பேர் ஏறினா வண்டி திணறுதே?" என்பீர்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆட்களோடு ஒன்றரை டன் எடை, ஏறும் உயரம் ஏறத்தாழ 1,000 மீட்டர். அந்த எடையை அவ்வளவு உயரம் தூக்கத் தேவைப்படும் ஆற்றல் சுமார் 4 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். முக்கால் மணி நேரத்தில் ஏறினால், தூக்குவதற்கு மட்டும் வேண்டியது சராசரியாக 7 குதிரைத்திறன்தான். டயர் உராய்வு, கியர் பெட்டி இழப்பு, வளைவில் மறுபடி வேகம் எடுப்பது எல்லாம் சேர்த்து அதை இரண்டு, மூன்று மடங்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 50 குதிரைத்திறன் உள்ள எஞ்சினுக்கு அது பெரிய வேலையே இல்லை. திணறுகிறதென்றால் கார்புரேட்டர், இக்னிஷன் பாயிண்ட், வால்வு, கிளட்ச், அடைத்துக்கொண்ட ரேடியேட்டர் ஆகியவற்றில் ஏதோ ஒன்று பழுது. நான் பார்த்தவரை, எஞ்சின் மாற்ற வேண்டும் என்று கொண்டுவரும் வண்டிகளில் பாதிக்கு மேல் நல்ல டியூனிங் போதும்.

மலை இறங்கும்போதுதான் உண்மையான சோதனை. ஏறும்போது சேர்த்த அந்த 4 யூனிட்டும் இறங்கும்போது சூடாக வெளியேற வேண்டும். நான்கு சக்கரத்திலும் ட்ரம் பிரேக் உள்ள வண்டியில் எஞ்சினை மட்டும் பெரிதாக்கினால், மூக்கு கனத்து, வேகம் கூடி, பிரேக் மட்டும் அந்தக் காலத்திலேயே நின்றுவிடும். ஏறிய கியரிலேயே இறங்குவது என்ற பழைய பழக்கத்தையும் வேகம் மறக்கடித்துவிடும்.

அப்படியானால் மாற்றவே கூடாதா? கம்பெனிகளே மாற்றியிருக்கின்றன, அந்தக் கதைகளைத் தெரிந்துகொண்டால் ரசனை கூடும். 1984இல் வந்த கான்டெஸா, இங்கிலாந்தின் வாக்ஸால் விக்டரின் உடம்பு. அந்தப் பெரிய உடம்புக்குள் அம்பாசடரின் அதே 1489 சிசி எஞ்சினை வைத்தார்கள். பார்க்க ராஜா, ஓட்ட மாட்டு வண்டி. பிறகு இசுசூவின் 1817 சிசி எஞ்சினும் ஐந்து கியர் பெட்டியும் வந்தபோதுதான் அது முழுமையான கார் ஆனது. 90களில் அதே எஞ்சின் அம்பாசடருக்கும் வந்தது. அதன் விட்டம் 84, ஸ்ட்ரோக் 82 மில்லிமீட்டர். பழையதுக்கு நேர்மாறான குணம், சுற்றச் சுற்றத்தான் உற்சாகம். வளப்பூர் நாட்டின் மேடு பள்ளச் சாலையில் இரண்டு அம்பாசடர்களை அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள். உடம்பு ஒன்று, சுபாவம் வேறு.

எதிர்ப்பக்கப் பாடம் நம்மூரிலேயே இருக்கிறது. வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி 1985இல் ஸ்டாண்டர்ட் 2000 என்ற காரை வெளியிட்டது. உடம்பு பிரிட்டனின் ரோவர் எஸ்டி1. அங்கே அதற்கு 3.5 லிட்டர் வி8 எஞ்சின்கூட உண்டு. இங்கே வைத்ததோ பழைய வேன்கார்ட் காலத்து 1991 சிசி எஞ்சின். 1988க்குள் கதை முடிந்தது. எத்தனை சிசி என்பதைவிட, உடம்புக்கும் எஞ்சினுக்கும் ஜாதகப் பொருத்தம் இருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

ஆகவே மாற்றிய வண்டி ஒன்றைப் பார்க்கப் போனால் பானெட்டைத் திறந்ததும் எஞ்சினைப் பார்த்து மயங்காதீர்கள். மவுண்டிங்கில் வெல்டிங் தடயம் உண்டா, ரேடியேட்டரும் சேர்ந்து பெரிதானதா, முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் வந்ததா, முன்பக்கம் தாழ்ந்து நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு ஆர்.சி. புத்தகத்தைக் கேளுங்கள். தயாரிப்பாளரின் விவரங்களுக்கு முரணான மாற்றத்தை 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எஞ்சின் எண் மாறினால் ஆர்டிஓ அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும். 50 வயது தாண்டிய வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்ய 2021இல் வந்த விதிகளோ, அசல் வடிவம் கெடாமல் இருக்க வேண்டும் என்கின்றன.

என் தீர்ப்பு இதுதான். கான்டெஸாவுக்கு, அதைத் தயாரித்த கம்பெனியே பின்னாளில் வைத்த இசுசூ எஞ்சினை, ஆர்டிஓ ஒப்புதலோடு வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. 60களின் அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் வேண்டாம். அந்தப் பணத்தில் எஞ்சினைப் பிரித்து ரீபோர் செய்து, பிரேக்கைப் புதுப்பியுங்கள். மாற்றியே தீருவேன் என்பவர்கள் ஒன்றை மட்டும் செய்யுங்கள்: கழற்றிய எஞ்சினைப் பழைய இரும்புக்கடைக்குப் போடாமல், எண்ணெய் பூசி, எண் தெரியும்படி, வீட்டிலேயே பத்திரமாக வையுங்கள்.