தயிரில் உப்பும் கேக்

வெண்ணெய் இல்லாமல் சாக்லேட் கேக்கா என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு கப் தயிரைத்தான் காட்டுவேன். அதில் அரை டீஸ்பூன் சமையல் சோடாவைப் போட்டதும் நுரைத்துக்கொண்டு மேலே வருமே, அந்தக் கரியமில வாயுதான் கேக்கை உப்ப வைக்கிறது. என்ன அழகான வேலை!

கோகோ பவுடரைக் கொதிநீரில் குழையுங்கள், வீடே மணக்கும். கோகோ வெண்ணெயைப் பெருமளவு பிழிந்தெடுத்த தூள் என்பதால் சாக்லேட் கட்டியைவிட இதில் கொழுப்பு குறைவு. மணத்தில் குறையே இல்லை. மசித்த வாழைப்பழம் ஒன்று சேர்த்தால் ஈரம் நிற்கும். மைதா விழுந்தபின் மட்டும் அதிகம் கலக்கக் கூடாது, ரப்பர் மாதிரி இழுக்கும்.

180 டிகிரியில் ஏறத்தாழ அரை மணி நேரம். குச்சி ஒட்டாமல் வந்தால் இறக்கிவிடலாம். கொழுப்பு குறைந்த கேக் சீக்கிரம் காய்ந்துவிடும், அன்றைக்கே சாப்பிட்டுவிடுங்கள்.